வெப் ஆப் தனக்கென்று த்ரெட் திறக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

காரியாபட்டியிலிருந்து பேசுறேன். பின்னாடி அருப்புக்கோட்டை பஸ் ஹார்ன் கேட்டா பொறுத்துக்கோங்க, மெயின் ரோட்டுப் பக்கம்தான் வீடு.

இந்த வாரக் கேள்வி சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு வெப் ஆப் எழுதிக்கிட்டு இருக்கும் ஒரு தம்பிகிட்ட இருந்து வந்தது. வாடிக்கையாளர் காலண்டருக்கான படத்தை ஏத்துறார், கடைப் பேரு, போன் நம்பர் குடுக்குறார், ‘ஆர்டர் பண்ணு’ பட்டனை அமுக்குறார். உடனே ப்ரூஃப் பி.டி.எஃப். தயாராகி அவருடைய மெயிலுக்குப் போகணும். அதுக்கு 40 செகண்ட் ஆகுது. அவ்வளவு நேரம் திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தா யாரும் காத்திருக்க மாட்டாங்க. “அண்ணே, ஆர்டர் வந்ததும் நானே ஒரு த்ரெட்டைத் திறந்து வேலையை அதுகிட்ட விட்டுட்டு, வாடிக்கையாளருக்கு ‘சக்ஸஸ்’னு காட்டிடலாமா?” இதுதான் கேள்வி.

திறக்கலாம். ரெண்டு வரி கோடு போதும், உங்க லேப்டாப்பில் அழகா ஓடும். ஆனா இந்த வேலைக்கு அது சரியான வழி இல்ல. ஏன் இல்ல, எந்த வேலைக்கு சரி, இதுக்குப் பதிலா என்ன செய்யணும், இந்த மூணையும் இன்னிக்குப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை

த்ரெட்டைத் தமிழ்ல ‘இழை’ன்னு எழுதுறாங்க, சிலர் ‘திரி’ன்னு சொல்றாங்க. எங்க மாவட்டத்தில் திரின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது வேற ஒண்ணு. அதனால குழப்பம் வேண்டாம், த்ரெட்டுன்னே வச்சுக்குவோம்.

ப்ராசஸ் என்பது ஓடிக்கிட்டு இருக்கும் ஒரு புரோகிராம். அதுக்குன்னு தனி நினைவகம் உண்டு, பக்கத்து ப்ராசஸ் அதைத் தொட முடியாது. ஒரே ப்ராசஸுக்குள்ள ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துக்கிட்டு வேலை செய்யுறவங்கதான் த்ரெட்டுகள். ப்ராசஸ் ஒரு அறைன்னா, த்ரெட் அந்த அறைக்குள்ள இருக்கிற ஆள்.

நிறையப் பேர் மறந்துடுற ஒரு விஷயம், வெப் சர்வர் இந்த வேலையை ஏற்கெனவே பார்த்துக்கிட்டுதான் இருக்கு. 1993 வாக்கில் வந்த சி.ஜி.ஐ. முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது ப்ராசஸ் பிறந்து, பதில் சொல்லிட்டு செத்துப்போகும். அப்புறம் அப்பாச்சி சர்வர் கொஞ்சம் ப்ராசஸ்களை முன்கூட்டியே தயாரா நிறுத்தி வைக்க ஆரம்பிச்சது. ஜாவா உலகத்தில் டாம்கேட், கோரிக்கைக்கு ஒரு த்ரெட்டுன்னு அதிகபட்சம் 200 வரைக்கும் வச்சுக்கும், நீங்க எதையும் மாத்தாத வரைக்கும். 2004-ல வந்த என்ஜின்எக்ஸும் 2009-ல வந்த நோட்.ஜேஎஸ்ஸும் ஒரே த்ரெட்டு பல கோரிக்கைகளை மாத்தி மாத்திக் கவனிக்கிற வழியைப் பிரபலமாக்கின.

முறை எதுவா இருந்தாலும் ஆளை வைக்கிறதும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துறதும், நேரம் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்புறதும் சர்வரின் பொறுப்பு. உங்க கோடு அந்த ஆள் செய்யுற வேலை மட்டும்தான். நீங்க தனியா ஒரு த்ரெட்டைத் திறக்கும்போது, மேஸ்திரிக்குத் தெரியாம ஒரு ஆளை உள்ள விடுறீங்க.

நாலு பேர் விதி

இந்த விஷயம் எங்க மாவட்டத்துக்காரங்களுக்குப் புதுசு இல்ல. பட்டாசு ஆலையைத் தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும். ஒரே பெரிய கட்டடமா இருக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி. ஒரு அறையில் தீப்பிடிச்சா அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதுதான் காரணம். பட்டாசு தயாரிக்கும் அறையில் ஒரே நேரத்தில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து எவ்வளவு வச்சிருக்கலாம் என்பதுக்கும் அளவு உண்டு. இதையெல்லாம் பார்த்துக்க ஃபோர்மேன் இருக்கணும்.

இந்த ஏற்பாடு உடையுற இடத்தையும் எங்க ஊர்ப் பேப்பர்ல அடிக்கடி படிப்போம். சீசன் நெருங்கும், ஆர்டர் குவியும். அறைகள் உள்குத்தகைக்குப் போகும். 4 பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலா ஆள் உட்காருவாங்க, அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை நடக்கும். அந்த ஆள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. இந்த மாவட்டத்தில் யாரும் அதை மறக்கல.

சர்வர் சாகறதும் மனுஷர் சாகறதும் ஒண்ணு இல்ல. ரெண்டையும் ஒரே தராசில் வைக்கிறதா நினைச்சுடாதீங்க. நான் எடுத்துக்கிறது அந்த விதிகளுக்குப் பின்னாடி இருக்கிற யோசனையை மட்டும்தான். ஒரு இடத்தில் எத்தனை பேர், யார் பொறுப்பு, ஒண்ணு கெட்டா எது வரைக்கும் பரவும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இந்த மூணுக்கும் பதில் இருக்கணும்.

என்னவெல்லாம் கெடும்

*ஒண்ணு: சொல்லாமல் சாகும்.* வெப் சர்வர்கள் தங்களுடைய ப்ராசஸ்களை அடிக்கடி நிறுத்தித் திரும்பத் தொடங்கும். அது கோளாறு இல்ல, அவங்க வழக்கமே அதுதான். மைக்ரோசாஃப்ட்டின் ஐ.ஐ.எஸ். எடுத்துக்கோங்க. 20 நிமிஷம் யாரும் வரலைன்னா ப்ராசஸை மூடிடும். யாராவது வந்துக்கிட்டே இருந்தாலும் 1,740 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒரு தடவை, புதுசா தொடங்கும். பைத்தான்ல ஜிகுனிகார்ன் பயன்படுத்தினா, 30 செகண்ட் அசைவில்லாத வொர்க்கரைக் கொன்னுட்டு வேற ஒண்ணை நிறுத்தும். நம்ம தம்பியின் 40 செகண்ட் வேலையை நேரடியா கோரிக்கைக்குள்ளயே செஞ்சா சிக்கல் வர்றது இதனாலதான். குபெர்னெட்டிஸ்ல ஓடுதுன்னா, நிறுத்தச் சொல்லி சிக்னல் அனுப்பும், 30 செகண்ட் பொறுக்கும், அதுக்கப்புறம் இரக்கம் காட்டாது. இது எல்லாமே மாத்தக்கூடிய அமைப்புகள்தான், ஆனா பெரும்பாலானவங்க மாத்துறதில்ல.

சர்வர் தன் கணக்கில் இருக்கிற கோரிக்கைகள் முடியுறதுக்குக் காத்திருக்கும். நீங்க திறந்த த்ரெட் அந்தக் கணக்கில் இல்ல. புது வெர்ஷனை டிப்ளாய் பண்ணுற ஒவ்வொரு தடவையும் பாதியில் இருக்கிற ப்ரூஃப் எல்லாம் காணாமப் போகும். லாக்ல ஒரு வரி இருக்காது. ஆனா வாடிக்கையாளர் திரையில் ‘சக்ஸஸ்’னு பச்சை டிக் இருக்கு. அவர் மெயிலுக்குக் காத்திருக்கார், அச்சகம் அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லுவாங்க. ஆப் தெளிவா எரர் காட்டியிருந்தா அவர் திரும்ப அமுக்கியிருப்பார். பொய்யா டிக் காட்டினதுதான் பெரிய சேதம்.

*ரெண்டு: கணக்கில்லாமல் பெருகும்.* சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்னிக்கு வெளியாகும். அங்கிருந்து ஆர்டர் சூடு பிடிக்கும். ஒரே நேரத்தில் 300 பேர் ஆர்டர் போட்டா 300 த்ரெட். ஒவ்வொண்ணும் பெரிய படத்தை நினைவகத்தில் ஏத்தும், ஒவ்வொண்ணும் டேட்டாபேஸுக்கு ஒரு இணைப்பு கேட்கும். போஸ்ட்கிரெஸ்ல மாத்தாத வரைக்கும் மொத்தம் 100 இணைப்புதான். 101-வது ஆள் யார் தெரியுமா? சும்மா விலைப்பட்டியல் பார்க்க வந்தவர். அவருக்கும் பக்கம் திறக்காது.

தட்கல் நேரத்தை நினைச்சுப் பாருங்க. ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அந்த நிமிஷத்தில் வர்ற கூட்டத்துக்கு ஈடா ஆளைப் பெருக்கிக்கிட்டே போக எந்த சர்வராலும் முடியாது. ஒரு எல்லைக்கு மேல வரிசையில் நிறுத்தித்தான் ஆகணும். நீங்களே த்ரெட் திறக்கும்போது அந்த வரிசையை உடைச்சுடுறீங்க.

*மூணு: ஒரே வேலை நாலு தடவை நடக்கும்.* ‘தினமும் காலை 9 மணிக்கு நினைவூட்டல் மெயில் அனுப்பு’ன்னு ஒரு த்ரெட்டை ஆப் தொடங்கும்போதே ஓட விடுறீங்க. லேப்டாப்பில் ஒரு ப்ராசஸ், ஒரு மெயில். சர்வர்ல 4 வொர்க்கர் ப்ராசஸ். ஒவ்வொண்ணும் ஆப்பைத் தனித்தனியா தொடங்கும். வாடிக்கையாளருக்கு 4 மெயில் போகும். பணம் பிடிக்கிற வேலையா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

*நாலு: ஒண்ணு கெட்டா அறையே போகும்.* பைத்தான்லயும் ஜாவாலயும் ஒரு த்ரெட்டுக்குள்ள பிடிக்காத எரர் வந்தா பெரும்பாலும் அந்த த்ரெட் மட்டும்தான் சாகும். டாட்நெட்ல அப்படி இல்ல, 2.0 பதிப்பில் இருந்தே பின்னணி த்ரெட்டில் ஒரு எரரைப் பிடிக்காம விட்டா ப்ராசஸே விழும். எந்த மொழியா இருந்தாலும், ஒரு த்ரெட் நினைவகத்தை மொத்தமாத் தின்னா எல்லாரும் சேர்ந்துதான் சாவாங்க. பி.டி.எஃப். உருவாக்குறது, படத்தைச் சுருக்குறது எல்லாம் நினைவகத்தை அதிகமா இழுக்கிற வேலை. அதனாலதான் அதைத் தனி அறையில் வைக்கணும்னு சொல்றேன்.

“சரிண்ணே, அப்ப த்ரெட்டுக்குப் பதிலா ஆப்பே ஒரு ப்ராசஸைப் பிரிச்சு விடட்டுமே”ன்னு கேட்கலாம். சுவர் கிடைக்கும், உண்மைதான். ஆனா யாருக்கும் தெரியாத ஆள் என்கிற பிரச்சினை அப்படியே இருக்கும். போதாததுக்கு, த்ரெட்டுகள் ஓடிக்கிட்டு இருக்கிற ப்ராசஸை ஃபோர்க் பண்ணா, இன்னொரு த்ரெட் பூட்டி வச்சிருந்த பூட்டும் குழந்தை ப்ராசஸுக்குப் பூட்டினபடியே நகலாகும். திறக்க வேண்டிய த்ரெட் அங்க இருக்காது. குழந்தை அப்படியே உறைஞ்சு நிக்கும். பைத்தான் 3.12-ல இருந்து இந்த மாதிரி செஞ்சா எச்சரிக்கையே காட்டுறாங்க.

ஜாவாக்காரங்க என்ன முடிவு பண்ணாங்க

இந்த விவாதம் பழசு. என்டர்பிரைஸ் ஜாவா உலகத்தில் இ.ஜே.பி. விவரக்குறிப்பு வெளிப்படையாவே தடை போட்டது: உங்க பீன் த்ரெட்டைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது, அது கன்டெய்னரின் வேலை. நிறைய டெவலப்பர்கள் முணுமுணுத்தாங்க, நிறையப் பேர் விதியை மீறவும் செஞ்சாங்க. ஏன்னா தேவை நிஜமாவே இருந்தது.

2013-ல ஜாவா இ.இ. 7 வந்தப்போ ஒரு நல்ல சமரசம் வந்தது. த்ரெட் வேணுமா, நீங்களா திறக்காதீங்க, கன்டெய்னர்கிட்ட கேளுங்க, அது தரும். எத்தனை தரணும்னு அது முடிவு பண்ணும், யார் கோரிக்கை என்கிற விவரத்தையும் த்ரெட்டோட சேர்த்து அனுப்பும், மூடும்போது கணக்கில் வச்சுக்கும். டாட்நெட்லயும் 2014-ல 4.5.2 பதிப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு வந்தது: பின்னணி வேலையை சர்வர்கிட்ட பதிஞ்சுட்டா, மூடுறதுக்கு முன்னாடி அது முடியக் கொஞ்ச நேரம் குடுக்கும்.

ஆகத் தடையோட சாரம் ‘த்ரெட் கூடாது’ என்பது இல்ல. ‘பதிவேட்டில் இல்லாத த்ரெட் கூடாது’ என்பதுதான்.

அப்ப சரியான வழி?

வேலையை வாங்கிக்கிறதையும் வேலையைச் செய்யுறதையும் பிரிச்சுடுங்க. அச்சகத்தில் முன் கவுன்டர்ல ஆர்டர் வாங்குறவர் மெஷினை ஓட்டுறதில்ல. ரசீது எழுதி உள்ளே அனுப்புறார், மெஷின்காரர் வரிசையா எடுத்து ஓட்டுறார். நம்ம ஆப்பும் அப்படித்தான் இருக்கணும்.

டேட்டாபேஸ்ல ‘வேலைகள்’னு ஒரு டேபிள் போடுங்க. ஆர்டரை எழுதுற அதே டிரான்ஸாக்ஷனில் வேலைக்கும் ஒரு வரி எழுதுங்க: எந்த ஆர்டர், என்ன வேலை, நிலை ‘காத்திருக்கு’. ரெண்டும் சேர்ந்து பதிவாகும், இல்லைன்னா ரெண்டுமே பதிவாகாது. த்ரெட்டைத் திறந்தா இன்னொரு வில்லங்கமும் உண்டு: ஆர்டர் கமிட் ஆகுறதுக்கு முன்னாடியே த்ரெட் ஓடிப்போய்த் தேடி, ‘அப்படி ஒரு ஆர்டரே இல்லையே’ன்னு திரும்பி வரும். ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதினா அந்தத் தொல்லை இல்ல.

பிறகு வாடிக்கையாளருக்கு உண்மையைச் சொல்லுங்க. ‘முடிஞ்சது’ இல்ல, ‘வாங்கிக்கிட்டோம், தயாராகுது’. எச்.டி.டி.பி.யில் அதுக்குன்னே 202 என்கிற பதில் எண் இருக்கு.

அடுத்து, வேலையைச் செய்யத் தனி ப்ராசஸ். வெப் சர்வருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சிஸ்டம்டி மாதிரி ஒண்ணு அதைக் கண்காணிக்கும், விழுந்தா எழுப்பும். டேபிளில் இருந்து ஒவ்வொரு வரியா எடுத்துச் செய்யும். ரெண்டு வொர்க்கர் ஒரே வரியை எடுத்துடக் கூடாதே? போஸ்ட்கிரெஸ் 9.5-லயும் மைசீக்வெல் 8.0-லயும், இன்னொருத்தர் பூட்டி வச்ச வரிகளைத் தாண்டிட்டு அடுத்ததை எடுக்கிற வசதி வந்துடுச்சு. இதை எழுதக் கஷ்டம்னா பைத்தானுக்கு செலரி, ரூபிக்கு சைட்கிக், லாராவெல்ல அதுலயே இருக்கிற க்யூ. ஆனா ஒரு நாளைக்குச் சில நூறு ஆர்டர் வர்ற அச்சகத்துக்கு ஒரு டேபிளும் ஒரு வொர்க்கரும் தாராளமாப் போதும்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. வொர்க்கர் பாதியில் விழுந்தா அதே வேலை மறுபடியும் ஓடும். அதனால ரெண்டு தடவை ஓடினாலும் விளைவு ஒண்ணா இருக்கிற மாதிரி எழுதணும். மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி ‘ஏற்கெனவே அனுப்பியாச்சா’ன்னு பார்க்கணும். அப்பவும் அனுப்பினதுக்கும் குறிச்சு வைக்கிறதுக்கும் நடுவுல விழுந்தா ஒரு மெயில் ரெண்டாப் போகலாம். ப்ரூஃப் மெயில் ரெண்டு தடவை வந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல, வராமலே போனாத்தான் நஷ்டம். பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் பேமென்ட் நிறுவனத்துக்கு ஒரே அடையாள எண்ணை அனுப்பி, இரட்டிப்பை அவங்களே தடுக்கிற மாதிரி செய்யணும்.

சொந்த த்ரெட் எப்போ சரி?

மூணு இடத்தில் தாராளமாப் பயன்படுத்தலாம்.

முதல் இடம், கோரிக்கைக்குள்ளயே பிறந்து கோரிக்கைக்குள்ளயே முடியுற வேலை. கூரியர் கட்டணத்தை 3 நிறுவனங்கள்கிட்ட கேட்கணும், ஒவ்வொண்ணும் ஒரு செகண்ட் எடுக்குது. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணுன்னா 3 செகண்ட். மூணையும் ஒரே நேரத்தில் கேட்டா கிட்டத்தட்ட ஒரு செகண்ட். எண்ணிக்கைக்கு வரம்பு வச்ச த்ரெட் பூல், ஒவ்வொண்ணுக்கும் நேர வரம்பு, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பதில். இதில் யாரும் காணாமப் போக வழியில்ல.

அடுத்தது, போனாலும் பரவாயில்லைங்கிற வேலை. கேஷைப் புதுப்பிக்கிறது, ‘இந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தாங்க’ன்னு எண்ணுறது. சர்வர் நிக்கும்போது நாலு எண்ணிக்கை குறைஞ்சா யாரும் புகார் சொல்லப் போறதில்ல.

கடைசி இடம், சி.பி.யூ.வைக் கசக்குற வேலை. நோட்.ஜேஎஸ்ல உங்க கோடு ஓடுறது ஒரே த்ரெட்டில்தான். அங்க ஒரு பெரிய கணக்கைப் போட்டா எல்லா வாடிக்கையாளரும் சேர்ந்து காத்திருக்கணும். அதை வொர்க்கர் த்ரெட்டுக்கு மாத்துறது நியாயம். பைத்தான்ல ஜி.ஐ.எல். என்கிற ஒரே சாவி இருக்கிறதால, எத்தனை த்ரெட் திறந்தாலும் ஒரு நேரத்தில் ஒண்ணுதான் பைத்தான் கோடை ஓட்டும். அதனால் அங்க ப்ராசஸ் பூல்தான் பயன். 2024 அக்டோபர்ல வந்த 3.13-ல அந்தச் சாவி இல்லாத பதிப்பைச் சோதனை முறையில் விட்டிருக்காங்க. எந்த மொழியா இருந்தாலும் பூலுக்கு வரம்பு வைங்க.

“ஜாவா 21-ல விர்ச்சுவல் த்ரெட் வந்துடுச்சே, லட்சக்கணக்குல திறக்கலாமே”ன்னு சிலர் கேட்பாங்க. 2023 செப்டம்பர்ல வந்தது, அருமையான விஷயம்தான், த்ரெட்டோட விலையை ரொம்பவே குறைச்சிருக்கு. ஆனா நம்ம பிரச்சினை விலை இல்ல. ப்ராசஸ் நிக்கும்போது விர்ச்சுவல் த்ரெட்டும் நிக்கும். 100 டேட்டாபேஸ் இணைப்பு 100-ஆகவேதான் இருக்கும்.

ஒரு சோதனை

உங்க ஆப் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு சோதனை. டெஸ்ட் சர்வர்ல ஒரு ஆர்டர் போடுங்க. ப்ரூஃப் தயாராகிக்கிட்டு இருக்கும்போதே ப்ராசஸை ‘கில் மைனஸ் 9’ போட்டுக் கொல்லுங்க. திரும்பத் தொடங்குங்க. இப்போ மூணு கேள்வி கேளுங்க. அந்த ஆர்டரோட ப்ரூஃப் தானா வந்து சேருதா? வரலைன்னா, வரலைன்னு யாருக்காவது தெரியுதா? ஒரே நேரத்தில் 300 ஆர்டர் வந்தா எத்தனை வேலை ஒண்ணா ஓடும்னு உங்களால ஒரு எண்ணைச் சொல்ல முடியுதா? மூணுக்கும் பதில் இருந்தா, உள்ளே த்ரெட் இருக்கா ப்ராசஸ் இருக்கான்னு நான் கேட்கவே மாட்டேன். ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் அந்த ஆப்பை வாடிக்கையாளர் கையில் குடுக்காதீங்க.

அதனால தம்பி, உங்களுக்கு என் பதில்: த்ரெட் வேண்டாம், ஒரு டேபிள் போடுங்க, ஒரு வொர்க்கரை ஓட விடுங்க. ஒரு நாள் வேலைதான் கூடும். ஆடிப்பெருக்குக்கு முன்னாடி முடிச்சுடுங்க.

அடுத்த எபிசோடில், அந்த வொர்க்கர் தோத்துப்போன வேலையை எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி விட்டு முயற்சி பண்ணணும்னு பேசுவோம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.